அழிந்த குண்டைத் தேடிய விண்கலம்

கணிப்பொறியில் விளையாட்டு ஆடுவது ஒன்று. விளையாட்டையே ஆக்குவது மற்றொன்று. பின்னதில் இறங்கும் பிள்ளைகள் தொடக்கத்திலேயே இடறி விழும் இடம் ஒன்று உண்டு. சென்ற கோடை விடுமுறையில் சித்தூரில் நம் வீட்டிலேயே அது நேர்ந்தது. நாம் புகைவண்டி நிலையத்தில் எழுத்தர். பத்தாம் வகுப்புக்கு மேல் பயின்றவரல்லர். ஆயினும் பட்டறிந்ததைப் பிற குடும்பத்தார்க்கும் சொல்லுதல் கடனென்று கருதி இதனை எழுதுகிறோம்.

நம் மகள் ஏழாம் வகுப்பு மாணவி. பள்ளியில் அவளுக்குத் தெலுங்கும் ஆங்கிலமும். வீட்டில் மட்டுமே தமிழ். யூனிட்டி என்னும் கருவியைக் கொண்டு அவள் ஒரு சுடும் விளையாட்டை ஆக்கத் தொடங்கினாள். 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த இக்கருவியில் கட்டளைகளை சி ஷார்ப் என்னும் மொழியில் எழுத வேண்டும். 1978-இல் ஜப்பானில் நிஷிகாடோ ஆக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் போன்றதே அவள் எண்ணிய விளையாட்டும்: கீழே நம் விண்கலம், மேலே பகைக்கலங்கள், இடையே குண்டுகள். பள்ளி திறந்ததும் தோழியர்க்குக் காட்டுவதாக வாக்கும் கொடுத்துவிட்டாள்.

ஆட்டம் தொடங்கி இரண்டு நொடி வரை குண்டுகள் ஒழுங்காய்ப் பறந்தன. அதன்பின் எத்தனை முறை விசையை அழுத்தினாலும் குண்டு பிறக்கவில்லை. திரையின் அடியில் சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி ஒன்று வந்தது. ‘மிஸ்ஸிங் ரெஃபரன்ஸ் எக்ஸெப்ஷன்’ என்பது அதன் பெயர். மூன்று நாள் போராடிய பின், “எனக்கு இது வராதுப்பா” என்று கூறிக் கணிப்பொறியை மூடிவிட்டாள்.

அறியாமையால் நாமும் ஒரு வைத்தியம் சொன்னோம். குண்டு பிறந்த இரண்டு நொடியில் தன்னை அழித்துக்கொள்ளுமாறு ‘டெஸ்ட்ராய்’ என்ற கட்டளை அதனுள் எழுதப்பட்டிருந்தது. “அழிப்பதால்தானே தொல்லை? அந்த வரியை எடுத்துவிடு” என்றோம். பிழை மறைந்தது; மகிழ்ந்தோம். ஆனால் திரையைக் கடந்த குண்டுகள் ஒழியாமல் பறந்துகொண்டேயிருந்தன. நொடிக்கு ஐந்து குண்டு வீதம் பத்து நிமிடம் சுட்டால் மூவாயிரம் குண்டுகள்! நம் பழைய கணிப்பொறி, மேட்டில் ஏறும் சரக்கு வண்டியைப் போல் மூச்சுத் திணறியது.

அடுத்த ஞாயிறன்று பாகாலை வழியாகத் திருப்பதிக்கு வண்டியேறினோம். பொறியியல் பயிலும் நம் மைத்துனர் மகன் அங்கிருக்கிறான். அவன் முதலில் கட்டளை எதையும் தொடவில்லை. நீக்கிய வரியைத் திரும்ப எழுதச் செய்து, சிவப்புச் செய்தியை நம் மகளைக் கொண்டே தமிழில் சொல்லச் சொன்னான். அவள் தயங்கித் தயங்கி, “அந்தப் பொருள் அழிந்துவிட்டது, நீ இன்னும் அதைத் தேடுகிறாய்” என்றாள்.

“அழித்தது யார்?”

“நான்தான்.”

“இன்னும் தேடுவது யார்?”

அவளுக்கு விடை தெரியவில்லை. “மாமா, ஆட்டம் ஓடும்போதே இந்தக் கட்டத்தைப் பாருங்கள்” என்று அவன் இன்ஸ்பெக்டர் பலகையைக் காட்டினான். எந்தக் குண்டை நகலெடுப்பது என்று விண்கலத்துக்குக் குறித்துக் கொடுக்கும் கட்டம் அது. இரண்டு நொடி கழிந்ததும் அதில் ‘மிஸ்ஸிங்’ என்ற சொல் தோன்றிற்று. ஆட்டத்தை நிறுத்தியவுடன் எல்லாம் பழைய நிலைக்கு மீண்டு, கட்டம் பழுதற்றதுபோல் தெரிந்தது. மூன்று நாளும் அவள் நிறுத்திவிட்டே பார்த்திருக்கிறாள். அதனால்தான் பிழை அகப்படவில்லை.

காரணம் இதுவே. யூனிட்டியில் பொருளின் மூலப்படியை ‘பிரிஃபாப்’ என்பர். அது ப்ராஜெக்ட் பலகையில் சேமித்து வைக்கப்படுவது. ‘இன்ஸ்டான்ஷியேட்’ என்ற கட்டளை அதிலிருந்து நகல்களைப் பிறப்பிக்கும். நம் மகளோ களத்தில் நின்ற ஒரு குண்டையே இழுத்துக் கட்டத்தில் வைத்துவிட்டாள். அக்குண்டும் இரண்டு நொடியில் தன்னை அழித்துக்கொண்டது. மூலமே போனபின் நகல் ஏது? அலுவலகத்தில் மூலப்படியைக் கோப்பில் காத்து, நகலையே வெளியே அனுப்புகிறோம். ஆண்டுக்கணக்காய்ச் செய்துவரும் இதனை மகளுக்குச் சொல்ல நமக்குத் தோன்றவில்லையே என நாணினோம். களத்துக் குண்டை நீக்கி, ப்ராஜெக்ட் பலகையிலுள்ள பிரிஃபாபைக் கட்டத்தில் வைத்தாள். குண்டுகள் தடையின்றிப் பறந்தன.

இதே செய்தி வேறு வழியிலும் வரும். பகைக்கலத்தைத் துரத்தும் குண்டு ஒன்று பறக்கையில், வேறொரு குண்டு அக்கலத்தை அழித்துவிடலாம். துரத்துவது இல்லாத கலத்தின் இருப்பிடத்தைக் கேட்கும்; உடனே பிழை. ஓட்டத்துக்கு உதவாதென்று கழித்த பெட்டியின் எண்ணைப் பதிவேட்டில் அடிக்காமல் விட்டால், அதற்கும் பயணிகளை ஒதுக்க நேருமல்லவா? ஆதலின் இலக்கு ‘நல்’ ஆகிவிட்டதா, அதாவது இல்லாமற் போயிற்றா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டே அணுக வேண்டும். கலங்களைப் பட்டியலில் வைத்திருந்தால், அழிக்குமுன் பட்டியலினின்றும் நீக்க வேண்டும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. டெஸ்ட்ராய் என்றவுடன் பொருள் மறைவதில்லை. அப்போது நடக்கும் கணக்குச் சுற்று முடிந்த பின்னரே மறைகிறது. ஆகவே இரு குண்டுகள் ஒரே வேளையில் ஒரு கலத்தைத் தாக்கினால் மதிப்பெண் இருமுறை ஏறிவிடும். முதல் அடி விழுந்ததும் ‘வீழ்ந்தது’ என்று கலத்தின்மேல் குறித்துக்கொண்டு, குறி உள்ளதை மீண்டும் எண்ணாதிருத்தலே பரிகாரம்.

தேர்ந்தவர்கள் குண்டை அழிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். பயன் முடிந்த குண்டை மறைத்து வைத்து, அடுத்த முறை அதனையே மீண்டும் எய்கின்றனர். இராவணனை வீழ்த்திய அம்பு திரும்பி வந்து இராமனின் தூணியில் புகுந்ததாக இராமாயணம் கூறுகிறதன்றோ? அந்த முறைதான். இத்தகைய தூணியை யூனிட்டியே 2021 பதிப்பு முதல் ‘ஆப்ஜெக்ட் பூல்’ என்ற பெயரில் வழங்குகிறது.

நாம் சொன்ன வைத்தியம் பிழையின் வாயை அடைத்தது; நோயை வளர்த்தது. சிவப்பு எழுத்தை நம் மகள் வசைமொழி என்றே எண்ணியிருந்தாள். தன் மொழியில் சொல்லிப் பார்த்தபோதுதான் அது வழிகாட்டும் மொழியாயிற்று. உங்கள் பிள்ளையும் இவ்வாறு கணிப்பொறியை மூடிவிட்டு எழுந்தால், அருகே அமர்ந்து அச்செய்தியைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அதற்குக் கணிப்பொறிக் கல்வி வேண்டுவதில்லை.

திருப்பதியிலிருந்து திரும்புகையில், சந்திரகிரி தாண்டுமுன்னரே நம் மகள் அடுத்த பகைக்கலத்தைத் தாளில் வரையத் தொடங்கிவிட்டாள்.