வடிகாலுக்கு யார் பணம் கொடுப்பது?

ரந்தாவ், லாபு, சிலியாவ் முதலிய நெகிரி செம்பிலான் வட்டாரங்களில், முன்பு பால்மரமும் பின்பு செம்பனையும் நின்ற நிலங்கள் தாமான்களாக மாறிவரும் இந்நாளில், மழை சற்றுப் பலத்துவிட்டால், லயத்து வீடுகளின் பின்கட்டில் ஓடும் பழைய சிமெந்துக் கால்வாய் ஜலத்தை வெளியே கொண்டுபோவதை விட்டு அடுப்படிக்கே கொண்டுவந்து சேர்க்கிறது. ஒரு வரிசை வீடுகளின் கூரைத் தண்ணீரையும் குசினித் தண்ணீரையும் ஏந்துவதற்கென்று கட்டப்பட்ட அக்கால்வாய்க்கு, மேற்புறத்தில் மண் நிரப்பி உயர்த்திய மனைகளிலிருந்தும் தார்ச் சாலைகளிலிருந்தும் வழிந்துவரும் வெள்ளத்தைத் தாங்கும் சக்தி இல்லை. சாலைக்கு அடியில் செல்லும் குழாயோ, மணலும் மட்டையும் அடைத்துப் பாதி வாயோடு நிற்கிறது.

இத்தகைய சமயத்தில் ஜனங்கள் கோயில் மண்டபத்தில் கூடி, வீட்டுக்கு இவ்வளவு என்று தண்டி, மண்வாரி இயந்திரம் ஒன்றை வாடகைக்கு அமர்த்திக் கால்வாயைத் தாமே வெட்டிக்கொள்ள முனைவது நம்மிடையே சகஜம். பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் பத்து வெள்ளி செலுத்தித் தோட்டங்களையே வாங்கிய சமூகத்துக்கு இந்தச் சுபாவம் பெருமைக்குரியதே. ஆனால் அன்று கொடுத்த பணத்துக்குப் பங்குரிமை கிடைத்தது. பிறர் நிலத்தில் வெட்டும் கால்வாய்க்குக் கொடுக்கும் பணத்துக்கோ எவ்வித உரிமையும் கிடைப்பதில்லை, உண்மையில் கடமைப்பட்டவர் தம் கடமையினின்று நழுவுவதற்கு அது வழியாகவும் முடிகிறது. ஆகையால் சந்தாப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன், கால்வாய் ஓடும் நிலம் யாருடையது, அதில் வரும் வெள்ளம் எங்கிருந்து வருகிறது என்னும் இரண்டு வினாக்களுக்கு விடை காண்பது அவசியம்.

லயமும் நிலமும் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமாயிருந்து, குடியிருப்பவர் அதன் தொழிலாளராயிருந்தால், 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டத்தின்படி, அதாவது 446ஆம் சட்டத்தின்படி, வீடுகளையும் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாகப் பராமரிப்பது முதலாளியின் பொறுப்பு. அதைக் கவனிக்கும் அதிகாரம் தொழிலாளர் இலாகாவுக்கு உண்டு. வெள்ளம் புதிய தாமானிலிருந்து வருமானால் மேம்பாட்டாளரை நோக்க வேண்டும். 2001 முதல் நடைமுறையிலுள்ள வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் மழைநீர் மேலாண்மை நெறிமுறைகள், நிலம் அபிவிருத்தியான பின் வெளியேறும் உச்ச நீரோட்டம் முன்பிருந்ததைவிட மிகாதபடி நீர்த்தேக்கக் குளம் முதலியன அமைக்கச் சொல்கின்றன. மேம்பாட்டாளர் செலுத்தும் வடிகால் பங்குத் தொகைக்கென்று 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் தனி நிதியே உண்டு.

வீட்டுக்காரர் மதிப்பீட்டு வரி செலுத்துபவராயிருப்பின், பொதுக் கால்வாயைப் பராமரிக்குமாறு மாநகர் மன்றத்தையோ நகராண்மைக் கழகத்தையோ கேட்பது யாசகமன்று, நியாயம். 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம், ஆண்டு மதிப்பை அடிப்படையாகக் கொண்ட வரி அம்மதிப்பில் நூற்றுக்கு 35க்கு மேற்படலாகாதென்று வரம்பிட்டிருக்கிறது. வடிகாலுக்கென்று வரி உயருமானால், தம் வீடு அதிகமாகவோ பிற வீடுகளோடு ஒவ்வாமலோ மதிப்பிடப்பட்டதாகக் கருதுவோர், மதிப்பீட்டுப் பட்டியலின் பரிசீலனை நாளுக்குப் பதினான்கு நாட்களுக்கு முன்னதாக எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். முடிவில் திருப்தியில்லையேல் உயர்நீதிமன்றம் செல்லலாம். ஆறும் பெருவாய்க்காலும் மாநில, மத்திய அரசுகளைச் சேர்ந்த விஷயம். அரசியல் சாசனத்தில் வடிகாலும் நீர்ப்பாசனமும் இரு அரசுகளுக்கும் பொதுவான பட்டியலிலேயே இருக்கின்றன.

அனுமதியின்றிக் கால்வாயை வெட்டுவதிலும் திருப்புவதிலும் உள்ள அபாயத்தையும் சிந்திக்க வேண்டும். நம் வாசலில் விரைந்தோடும் நீர் கீழ்ப்புறத்தார் வாசலில் தேங்கும். அவர்கள் வழக்குத் தொடுத்தால் பதில் சொல்ல வேண்டியவர் வெட்டியவரே. 1993 டிசம்பர் 11இல் 48 உயிர்களைப் பலிகொண்ட ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடச் சரிவின் பின்னணியில், குன்றில் ஓடிய நீரை முறையாக வடிக்காத குறை பெரிதாகப் பேசப்பட்டது. ஆயினும் 2006இல் கூட்டரசு நீதிமன்றம், சட்டம் வழங்கிய பாதுகாப்பைக் காட்டி, ஊராட்சி மன்றத்தைப் பொறுப்பினின்று விடுவித்தது. ஆகவே இழப்பு நேர்ந்தபின் மன்றத்தின்மீது தொடுக்கும் வழக்கை மட்டும் நம்பியிருப்பது விவேகமன்று.

செய்ய வேண்டியவை சுருக்கமானவை. நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடி நிலச் சொந்தக்காரரை நிச்சயித்துக்கொள்க. ஜலம் ஏறிய மட்டத்தைச் சுவரில் குறித்து, தேதியோடு படமெடுத்து வைக்க. மலாய் மொழியில் புகார்க் கடிதம் எழுதி, நிர்வாகம், ஊராட்சி மன்றம், வடிகால் நீர்ப்பாசன இலாகா ஆகிய அனைத்துக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைப் பிரதியில் வாங்கிப் பத்திரப்படுத்துக. மன்றத்தின் முழுக்கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் தயாராகும் முன்பே உறுப்பினரையும் சட்டமன்றப் பிரதிநிதியையும் காண்க.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு பகுதிச் செலவைக் குடியிருப்பவர் ஏற்க நேரிடுமானால், கால்வாயை யார் பராமரிப்பது என்பதை எழுத்தில் பெற்ற பின்னரே பணத்தைக் கொடுக்க வேண்டும். அந்த ஏட்டை வாங்காமல் கொடுக்கும் வெள்ளி, ஒரு மழைக்காலத்துக்கு மேல் நமக்கு உதவாது.