ஐஸ் தொட்டியிலும் டொரன்டோ வாசலிலும் ஒரே உப்பு

சென்னையின் காசிமேட்டு மீன்பிடி விசைப்படகுகளுக்கு ஐஸ் பார் தயாரிக்கும் தொழிற்சாலைகளில், தொட்டி நிறைய உப்புக் கரைசல் இருக்கும். சுமார் மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்தும் அது உறையாமல் சுழன்றுகொண்டே இருக்கும். அதற்குள் இறக்கிய தகர அச்சுகளில் உள்ள நல்ல தண்ணீரோ பாறையாக இறுகிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு தகடுதான்.

கனடாவில் டொரன்டோ நகரின் ஒரு பகுதியான ஸ்கார்பரோவில் தமிழர்கள் ஏராளம். ஜனவரியில் வாசலில் உறைந்த பனிக்கட்டியில் வழுக்கி விழாமலிருக்க அவர்கள் தூவுவதும் இதே உப்புதான். காசிமேட்டில் ஐஸ் ஆக்க உதவும் உப்பு, அங்கே ஐஸை உடைக்கிறது.

உப்பு பனிக்கட்டியைச் சூடாக்குவதில்லை. பனிக்கட்டியின் மேற்பரப்பிலிருந்து நீர் மூலக்கூறுகள் பிரிவதும் மீண்டும் ஒட்டுவதும் ஓயாமல் நடக்கின்றன. கரைந்த உப்பு அயனிகள் குறுக்கே நிற்பதால் ஒட்டுவது குறைகிறது, பிரிவது மிஞ்சுகிறது. கரைசலில் உப்பு சுமார் 23 சதவீதம் இருந்தால் அது மைனஸ் 21 டிகிரி வரை உறையாது. இது ஆய்வகக் கணக்கு. நடைபாதையில் மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே போனாலே சாதாரண உப்பின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். அப்போது கால்சியம் குளோரைடு கைகொடுக்கும். கரையும்போதே அது வெப்பத்தை வெளியிடுகிறது. மணல் எதையும் உருக்காது, காலுக்குப் பிடிமானம் மட்டும் தரும்.

குளிர் நாடுகளில் ஒரு காலத்தில் நிலக்கரி அடுப்புச் சாம்பலைத்தான் பாதையில் கொட்டினார்கள். அதன் சொரசொரப்பு வழுக்கலைத் தடுத்தது. அதன் கருமை வெயிலை உறிஞ்சிப் பனியை இளக்கியது. சாம்பல் என்றதும் சென்னைக்கு வடக்கே, எண்ணூர் அருகே உள்ள வள்ளூர்க்காரர்களுக்கு நினைவு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. அங்குள்ள அனல்மின் நிலையத்தில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று இருக்கின்றன. இந்திய நிலக்கரியிலோ சுமார் மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக் போன்ற நச்சுத் தனிமங்களும் உண்டு. பனி உருகி ஓடும்போது அவையும் கூடவே ஓடும். சாம்பல் கலந்த நீர் என்ன செய்யும் என்பதைக் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் எண்ணூர் மீனவர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள்.

உப்பும் சாதுவல்ல. குளோரைடு மட்குவதில்லை, மண்ணில் ஒட்டிக்கொள்வதுமில்லை. நீரோடு ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது. சாலை உப்பு சுற்றுச்சூழலுக்குக் கேடு என்று கனடா அரசின் மதிப்பீடு 2001-லேயே சொல்லிவிட்டது. டொரன்டோவுக்கு வடக்கே உள்ள சிம்கோ ஏரியில் குளோரைடு பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டே வருகிறது. கடலுக்குப் போய்ச் சேரும் உப்பு வேறு, குடிநீர் ஏரியில் தேங்கும் உப்பு வேறு.

அதனால் முதலில் மண்வாரியால் பனியை வழித்துத் தள்ள வேண்டும். மிச்சமிருக்கும் மெல்லிய படலத்துக்குத்தான் உப்பு. நடைபாதையின் பத்துக் கான்கிரீட் சதுரங்களுக்கு ஒரு காபி குவளை உப்பு போதும் என்கிறார்கள் அமெரிக்காவின் விஸ்கான்சினில் உப்புச் சிக்கனத்தைப் பரப்புவோர். பாதை காய்ந்த பிறகும் வெள்ளைக் கற்கள் காலில் நறநறத்தால், தூவியது அதிகம். அவற்றைக் கூட்டி அள்ளி வைத்தால் அடுத்த பனிக்கு ஆகும்.