எண்ணிலிருந்து இசை – 5: நாற்பத்திரண்டின் மெட்டு

2011-இல் யூடியூபில் வெளியான ஒரு வீடியோ கணினி இசைக்காரர்களைத் திகைக்க வைத்தது. வெளியிட்டவர் பின்லாந்தைச் சேர்ந்த வில்லே-மத்தியாஸ் ஹெய்க்கிலா. விஸ்நட் என்றால்தான் பலருக்குத் தெரியும். அதில் ஒலித்த இசைத் துண்டுகளுக்கு வாத்தியம் இல்லை, ஸ்வரம் எழுதிய தாளும் இல்லை. ஒவ்வொன்றும் மிகச் சின்னஞ்சிறு சி மொழி நிரல். பின்னர் இந்த வகைக்கு ‘பைட்பீட்’ என்ற பெயர் நிலைத்தது.

உள்ளே நடப்பது எளிமையானது. நிரல் வினாடிக்கு 8,000 தடவை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போகிறது. அந்த எண் ஸ்பீக்கருக்குப் போகிறது. எண்ணிக்கை நிற்காமல் தொடர்ந்தாலும், ஸ்பீக்கருக்குப் போவது 255-ஐத் தாண்டியதும் மறுபடி 0. வேறெதுவும் செய்யாவிட்டாலும் ஸ்பீக்கர் வினாடிக்கு 31.25 தடவை அதிரும். கனத்த உறுமல் கேட்கும். எண்ணை 2-ஆல் பெருக்கினால் ஒரு ஸ்தாயி மேலே. 8-ஆல் பெருக்கினால் 250 ஹெர்ட்ஸ்.

மெட்டு வர வேண்டுமானால் பெருக்கும் எண் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். தலைப்பிலுள்ள மெட்டில் அதற்குத்தான் 42. ஓடும் எண்ணை 1,024-ஆல் வகுத்து மீதியைத் தள்ளிவிடுகிறார்கள். ஈவையும் 42-ஐயும் இரும எண்களாக எழுதி, இரண்டிலும் 1 இருக்கும் இடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். கிடைப்பதுதான் பெருக்கும் எண். சூத்திரம் முழுவதும் இவ்வளவுதான்.

42 என்பது 32, 8, 2 மூன்றின் கூட்டல். அதனால் 0, 2, 8, 10, 32, 34, 40, 42 என்ற எட்டு எண்களைத் தவிர வேறெதுவும் பிறக்காது. முதல் நான்கு வினாடி 0, 2, 0, 2, 8, 10, 8, 10 என்று இரண்டு சுற்று. அடுத்த நான்கு வினாடியில் ஒவ்வொன்றோடும் 32 கூடிவிடுகிறது: 32, 34, 32, 34, 40, 42, 40, 42.

இந்த இரண்டாம் பாதியைக் கர்நாடக இசை பழகிய காதோடு கேட்க வேண்டும். 32-ஐ ஸட்ஜமாக வைத்தால் 34 ஏறக்குறைய சுத்த ரிஷபம். 40, துல்லியமான 4:5 விகிதத்தில் அந்தர காந்தாரம். 42 சற்றே இறங்கி நிற்கும் சுத்த மத்யமம். ஸ ரி ஸ ரி, க ம க ம! சரளி வரிசையில் குழந்தைகள் பாடும் மாயாமாளவகௌளையின் கீழ்ப்பாதி அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது. யாரும் ராகத்தை நினைத்து இந்த எண்ணை வைக்கவில்லை என்பதுதான் இதன் அழகு.

ஆனால் ஒரே எண்ணைத் தொட்டாலும் உருவம் மாறிவிடும். 1,024-ஐ 2,048 ஆக்கினால் ஸ்வரம் மாறாமல் வேகம் மட்டும் பாதியாகும். 8,000-ஐ 16,000 ஆக்கினால் வேகமும் சுருதியும் சேர்ந்து இரட்டிக்கும். 42-ஐ 43 ஆக்கினாலோ 32-க்கும் 34-க்கும் நடுவில் 33 நுழைகிறது. அரை ஸ்வரத்தை ஏறத்தாழ இரண்டாக வெட்டும் அந்த இடைவெளியில் ராகச் சாயல் கலங்கிவிடுகிறது. 40 வைத்தால் ரிஷபமும் மத்யமமும் கழன்று, மேல் பாதியில் ஸட்ஜமும் காந்தாரமும் மட்டுமே மாறி மாறி ஒலிக்கும்.

(தொடரும்)