தண்டுவடம் அடிபட்டவருக்கு என்ன வேண்டும்?

1954 ஜனவரியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) இளம் மருத்துவர்கள் சிலர் சென்ற வண்டி கவிழ்ந்தது. டாக்டர் மேரி வர்கீஸுக்கு முகத்தில் பலத்த காயம்; தண்டுவடம் அடிபட்டு இரண்டு கால்களும் செயலிழந்தன. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த வழி அன்றோடு அடைபட்டது.

தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக்கொண்டிருந்த டாக்டர் பால் பிராண்ட் அப்போது அங்கே இருந்தார். கைகளுக்கான அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று அவர் வழிகாட்ட, மேரி சக்கர நாற்காலியில் இருந்தே கத்தியைப் பிடித்தார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, சி.எம்.சி.யில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் பாகாயத்தில் தொடங்கிய மறுவாழ்வு மையம் இன்று அவர் பெயரில் இயங்குகிறது. 1972இல் பத்மஸ்ரீ பெற்றார்.

இதை மன உறுதியின் கதை என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். மேரிக்கு நல்ல சிகிச்சை கிடைத்தது, கற்றுக்கொடுக்க ஆள் இருந்தார், கையில் வேலை இருந்தது. தைரியம் அவற்றோடு சேர்ந்துதான் வளர்ந்தது. இவை எதுவும் இல்லாதவரிடம் போய் ‘தைரியமா இரு’ என்பது கொடுமை.

மரத்திலிருந்து விழுந்தவர்கள், சாரம் சரிந்து விழுந்தவர்கள், பைக் விபத்தில் சிக்கியவர்கள் என்று தண்டுவடம் அடிபடுவோரில் பலர் உழைக்கும் வயதினர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாததால், ஒரே பக்கமாகப் படுத்துச் சதை அழுகினாலும் வலிக்காது. படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிட வேண்டும்; நாற்காலியில் இருப்பவர் அடிக்கடி கைகளை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். சிறுநீரைக் குழாய் வைத்துச் சுத்தமாக வெளியேற்றத் தாமே பழக வேண்டும். படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான் ஒரு காலத்தில் இவர்களில் பெரும்பாலோரைக் கொன்றன.

மனமும் அடிபட்டிருக்கும். விழுந்த நொடி திரும்பத் திரும்பக் கண்முன் வரும், தூக்கம் போகும், காரணமில்லாமல் கோபம் வரும். முதல் சில வாரங்களில் இது இயல்பு. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். வீட்டார் ‘நடந்துடுவே’ என்று ஆறுதலுக்குச் சொல்வதைவிட, அதே காயத்தோடு குடும்பம் நடத்தும் ஒருவர் வந்து அரைமணி நேரம் பேசுவது பெரிய பலம். சி.எம்.சி. ஆண்டுதோறும் நடத்தும் ரிஹாப் மேளாவில் பழைய நோயாளிகள் கூடுவதன் அருமை இங்கேதான்.

விபத்து நடந்த இடத்தில் அடிபட்டவரை நான்கு பேர் கை கால் பிடித்து மடக்கி ஆட்டோவில் ஏற்றாதீர்கள். கழுத்தும் முதுகும் அசையாமல் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். சாலை விபத்தென்றால் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழக அரசு உதவுகிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஷூ கம்பெனியில் ஒட்டுவது, நூல் வெட்டுவது, சரிபார்ப்பது எல்லாம் உட்கார்ந்து செய்யும் வேலைகள். காலால் மிதிக்கும் தையல் மெஷினைக்கூடக் கையால் இயக்கும்படி மாற்றலாம். வாசலில் ஒரு சாய்தளமும், சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் ஒரு கழிப்பறைக் கதவும் வையுங்கள். அடிபட்ட தொழிலாளியை மறுபடி வேலைக்குக் கூப்பிடுங்கள்.