இரண்டாவது நாய் வருமுன்

பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையில் சற்றுத் தொலைவு சென்றால் நசரத்பேட்டை வருகிறது. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை இவ்வூரருகேதான் நெடுஞ்சாலையைக் கடக்கிறது. சாலையோரக் கடைகள் உள்ள எல்லா ஊர்களையும் போல இங்கும் தெருநாய்கள் உண்டு.

அங்கே ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே எட்டு வயது நாய் ஒன்று இருக்கிறது. பள்ளி விட்டு வந்த அண்ணனும் தங்கையும் மணற்குவியலருகே கிடந்த குட்டி ஒன்றைத் தூக்கி வருகிறார்கள். “அம்மா, நம்ம மணிக்குத் துணையா இருக்கும்மா!” என்று கெஞ்சுகிறார்கள்.

நீங்கள் அந்தத் தாயாகவோ தந்தையாகவோ இருந்தால் என்ன சொல்வீர்கள்? வேண்டாம் என்று விரட்ட வேண்டியதில்லை. ஆனால், ‘குட்டிதானே, இது என்ன செய்துவிடும்?’ என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அந்த எண்ணத்தில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது.

சீம்பால் தரும் காவல்

குட்டி பிறந்த முதல் நாளில் தாயிடம் குடிக்கும் சீம்பாலில் எதிர்ப்பொருள்கள் உள்ளன. நோய்க்கிருமிகளைத் தாக்கிச் செயலிழக்கச் செய்பவை இவை. தாய்க்கு எந்த நோயை எதிர்க்கும் ஆற்றல் உண்டோ, அந்த ஆற்றல் குட்டிக்கும் சில வாரங்கள் கிடைக்கிறது. தடுப்பூசியே காணாத தெருநாயின் குட்டிக்கு வெறிநோயை எதிர்க்கும் காவல் பெரும்பாலும் இராது.

‘அப்படியானால் குட்டிக்கு உடனே ஊசி போட்டுவிடலாமே’ என்று கேட்பீர்கள். இங்கேதான் ஒரு சிக்கல். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் உடலில் இருந்தால், அவை தடுப்பூசியில் உள்ள வைரஸையும் பகையென்று கருதி முடக்கிவிடும். ஊசி போட்டும் பயனில்லாமல் போகும். ஆகவே வெறிநோய்த் தடுப்பூசியை வழக்கமாக மூன்று மாத வயதில் போடுகிறார்கள். பிறகு மருத்துவர் சொல்லும் காலத்தில் மீண்டும் போடுகிறார்கள். குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்ற வயிற்றுப்போக்கு நோய்க்கான ஊசியை 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 16 வாரம் வரை மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை திரும்பப் போடுவதும் இதே காரணத்தால்தான்.

ஆனால் குட்டியின் மனம் மூன்று மாதம் காத்திராது. ஸ்காட், ஃபுல்லர் என்னும் இரு அமெரிக்க அறிவியலார் நாய்க்குட்டிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965-இல் ஒரு நூல் வெளியிட்டனர். ஏறத்தாழ 3 முதல் 12 வார வயதுக்குள் மனிதரோடு பழகும் குட்டியே பின்னாளில் அச்சமின்றி இணங்கி வாழும் என்று அவர்கள் கண்டனர். குழந்தைகளோடு பழக வேண்டிய காலமும், தடுப்பூசியின் காவல் இல்லாத காலமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன! பெற்றோர் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டிய வாரங்கள் இவைதாம்.

நரம்பு வழிப் பயணம்

வெறிநோய் வைரஸ் நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் இருக்கிறது. கடித்த இடத்திலிருந்து அது நரம்புகளின் வழியே மெல்ல ஏறி மூளையை அடைகிறது. மனிதரிடம் நோய்க்குறிகள் தோன்றப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். முகத்திலோ தலையிலோ கடிபட்டால் இன்னும் விரைவில் தோன்றலாம். குழந்தைகளின் முகம் நாயின் வாய்க்கு எட்டும் உயரத்தில் இருப்பதை நினைவில் கொள்ளுங்கள். நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. அதற்கு முன் முறைப்படி சிகிச்சை பெற்றால் நோயைத் தடுத்துவிடலாம்.

2025-ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்தின் புலந்த்சகர் மாவட்டத்தில் இளம் கபடி வீரர் ஒருவர் சாக்கடையில் விழுந்த நாய்க்குட்டியைத் தூக்கிவிட்டார். அது விரலில் கடித்தது. சிறு காயம் என்று எண்ணி ஊசி போட்டுக்கொள்ளவில்லை. சில மாதங்களில் வெறிநோயால் உயிரிழந்தார். இரக்கம் அவரைக் கொல்லவில்லை. ‘குட்டிதானே’ என்ற அலட்சியமே கொன்றது.

ஆகவே குட்டி கடித்தாலோ, பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினாலோ, அந்த இடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்லுங்கள். அங்கே தடுப்பூசி கட்டணமின்றிப் போடுகிறார்கள். முன்பு தொப்புளைச் சுற்றிப் போட்ட பதினான்கு ஊசிகள் இன்று இல்லை. கையில் சில ஊசிகளே போதும். காயம் ஆழமானால் காயத்தைச் சுற்றி எதிர்ப்பொருள் மருந்தும் செலுத்துவார்கள். கடித்த நாயைப் பத்து நாள் கவனிப்பது நல்லதே. ஆனால் அது முடியட்டும் என்று முதல் ஊசியைத் தள்ளிப்போடலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘கீறல் பட்டதைச் சொன்னால் அடி விழும்’ என்ற பயம் குழந்தைகளுக்கு இருக்கக் கூடாது.

மூத்த நாயின் சம்மதம்

குட்டி வருவது குழந்தைகளுக்குத் திருவிழா. மணிக்கோ அது எல்லை மீறல். முதலில் கால்நடை மருத்துவரிடம் குட்டியைக் காட்டி, மணியின் ஊசிகளையும் சரிபாருங்கள். மருத்துவர் நலமென்று சொல்லும்வரை குட்டியைத் தனியே வையுங்கள். பிறகு இரண்டும் வீட்டுக்கு வெளியே, பொதுவான இடத்தில், கயிற்றில் கட்டிய நிலையில் முதன்முதலாகச் சந்திக்கட்டும். சோற்றுத் தட்டும் படுக்கையும் தனித்தனியே இருக்கட்டும். அன்பும் உணவும் முதலில் மணிக்கே கிடைக்கட்டும்.

நாய் திடீரென்று கடித்தது என்பார்கள். பெரும்பாலும் அது முன்னரே சொல்லியிருக்கும், நாம்தான் கவனிப்பதில்லை. முகத்தைத் திருப்புவது, உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, உடல் விறைத்து நிற்பது, பிறகு உறுமுவது — இப்படிப் படிப்படியாக ‘விலகிப் போ’ என்கிறது. வாலாட்டுவதெல்லாம் மகிழ்ச்சியும் அன்று. இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-இல் ஒன்றைக் கண்டனர்: உரிமையாளரைக் கண்ட நாயின் வால் வலப்புறம் மிகுதியாகவும், அறிமுகமில்லாத முரட்டு நாயைக் கண்டபோது இடப்புறம் மிகுதியாகவும் அசைந்தது. உறுமும் நாயை அடிக்காதீர்கள். அடித்தால் உறுமலை விட்டுவிடும், கடிப்பதை விடாது. எச்சரிக்கை மணியை நாமே கழற்றி எறிந்ததாகும்.

தின்னும் நாயையும் தூங்கும் நாயையும் தொடக் கூடாது என்பது குழந்தைகள் கற்க வேண்டிய முதல் பாடம். பெரியவர் ஒருவர் அருகில் இல்லாதபோது சிறு குழந்தையையும் நாய்களையும் தனியே விடலாகாது என்பது நாம் கற்க வேண்டிய பாடம்.

இவ்வளவு தொல்லையா என்று தோன்றலாம். உண்மையில் இவை சில வாரத்துக் கவனமே. நசரத்பேட்டைக் குழந்தைகள் கேட்டது ஒரு துணை. அந்தத் துணை அச்சமில்லாத துணையாக அமைவது பெரியவர்களான நம் கையில் இருக்கிறது.