ஜெனரேட்டருக்கு ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் தேவையா?

காஞ்சிபுரத்தில் தறிவீட்டு விளக்கு, கல்யாண மண்டபம், சுவாமி புறப்பாடு, சுற்றுக் கிராமங்களில் நெல் களம் என எங்கே கரன்ட் போனாலும் கைகொடுப்பது சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர்தான். 2020 ஏப்ரல் 1-ம் தேதி பி.எஸ்.-6 விதி வந்த பிறகு, புது பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் போய் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. ‘அதையே ஜெனரேட்டரில் மாட்டினால் பெட்ரோல் மிச்சமாகுமா?’ என்ற கேள்வி எழுவது இயல்பு.

இரண்டும் ஒன்றல்ல!

பைக் இன்ஜினின் வேகம் நொடிக்கு நொடி மாறும். அதற்கேற்ப ஸ்பார்க் விழும் நேரத்தையும் முன்னே பின்னே மாற்ற வேண்டும். சாதாரண ஜெனரேட்டர் அப்படியில்லை. 50 சைக்கிள் மின்சாரம் வர, கவர்னர் அதை நிமிடத்துக்கு 3,000 சுற்றிலேயே பிடித்து வைக்கிறது. வேகம் மாறாததால், கம்பெனியில் நிலையாக வைத்த ஸ்பார்க் டைமிங்கே பெரும்பாலும் போதும். லோடுக்கு ஏற்ப வேகம் மாறும் இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில்தான் எலெக்ட்ரானிக் டைமிங்குக்கு வேலை அதிகம்.

எங்கே லாபம்?

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20% எத்தனால் கலந்தால் சுமார் 13.5 கிலோ போதும். கார்புரேட்டரின் ஜெட் அளவு மாறாது. ஆக்சிஜன் சென்சார் உள்ள இன்ஜெக்‌ஷன், புகையைப் பார்த்து பெட்ரோல் அளவைத் திருத்திக்கொள்ளும். திடீரென லோடு ஏறினாலும் சமாளிக்கும்.

ஆனால், பம்ப், சென்சார், வயரிங், பெரும்பாலும் பேட்டரி என எல்லாமே சரியாக இருக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. பழுதானால் ஊர் மெக்கானிக்கிடம் உடனே சரியாகாது.

என்ன செய்யலாம்?

வருடத்தில் சில நாள்கள் மட்டும் ஓட்டுபவர்கள் பழைய மெஷினை மாற்ற வேண்டாம். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். பிளக் இடைவெளியை மெஷின் புத்தகத்தில் உள்ளபடி வையுங்கள். எடுத்து வைக்கும் முன் பெட்ரோல் காக்கை மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள். கார்புரேட்டரில் பிசின் கட்டாது. தினமும் வாடகைக்கு விடுபவர்கள், கம்பெனியிலேயே இன்ஜெக்‌ஷன் பொருத்தி வருவதை வாங்கலாம். பழைய இன்ஜினில் பைக் பாகங்களை மாட்டுவது செலவுக்கே வழி.

எந்த இன்ஜினாக இருந்தாலும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு வாசனை கிடையாது, உயிரையே பறிக்கும். எனவே, தறிவீட்டுக்குள்ளோ, ஜன்னல் ஓரத்திலோ ஜெனரேட்டரை ஓட்டவே கூடாது.