பழுது பார்க்கும் உரிமை

கல்வராயன் மலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்த ஊர் கச்சிராயபாளையம். கோமுகி அணை அதன் அருகில் உள்ளது. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்றும் அங்கு உண்டு. ஆதலின் அவ்வட்டாரத்து உழவர் பலருக்குக் கரும்பே வாழ்வு.

முற்காலத்தில் கலப்பையின் கொழு மழுங்கினால், உழவர் அதனைக் கொல்லன் பட்டறைக்கு எடுத்துச் செல்வார். கொல்லன் உலையிலிட்டுக் காய்ச்சி, அடித்துக் கூராக்கித் தருவான். அக்கொழுவை முதலில் செய்தவன் எவன் என்று ஒருவரும் கேட்டதில்லை. பின்னர்க் கிணறுகளில் மோட்டார் வந்தது. அதன் கம்பிச் சுருள் எரிந்துபோனால், புதிதாகக் காயில் கட்டித் தருவோர் சிற்றூர்களிலும் தோன்றினர். பயிர் வாடுமுன் மோட்டார் மீண்டும் ஓடவேண்டும். வெயிற்காலத்தில் சில நாள் தாமதமும் உழவருக்குப் பெருநட்டமே.

இக்காலத்து இயந்திரங்கள் பல வேறு தன்மையன. அவற்றுள் மின்னணுக் கருவிகள் பொதிந்துள்ளன. பழுது யாதெனக் கண்டறிவதற்கே தனிக் கருவி வேண்டும். அக்கருவியையும் விளக்க நூலையும் உதிரிப் பாகங்களையும் நிறுவனத்தார் தம்மிடமே வைத்துக்கொண்டால், முழு விலை கொடுத்தவர் தம் பொருளுக்குப் பாதி உரிமையாளரே ஆவார்.

இக்குறை நம் நாட்டில் வழக்காகவும் எழுந்தது. உதிரிப் பாகங்களையும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்கு எட்டாமற் செய்தமைக்காக, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டு 25-இல் தண்டம் விதித்தது. அதன் தொகை 2,544 கோடி ரூபாய்க்கு மேற்பட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2016-இல் மூன்று நிறுவனங்களின் தண்டத்தைக் குறைத்தது. ஆயினும் அவை செய்தது தவறன்று என்று கூறவில்லை.

பயிற்சியற்றவர் கைப்பட்டால் தீங்கு நேரும் என்பது நிறுவனங்களின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் விளக்க நூலை மறைத்துவிட்டுப் பயிற்சி இல்லை என்று குறை கூறுவது பொருந்துமோ?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், வேளாண் இயந்திரங்களுக்குரிய பாகங்களையும் கருவிகளையும் நூல்களையும் உழவருக்குத் தரவேண்டும் என்று 2023-இல் சட்டம் இயற்றியது. அதற்கு முந்திய ஆண்டு ஜூலையில், இந்திய அரசின் நுகர்வோர் நலத்துறை இவ்வுரிமையை ஆராய ஒரு குழுவை அமைத்தது. கைப்பேசி, வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் ஆகியவற்றோடு வேளாண் கருவிகளையும் அக்குழு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது.